கிளியனூர் சம்பந்திக்கு ஒரு பட்டம்

குடையை மடக்கி, அதன் நுனியால் என் பேனரைக் குத்திக்கொண்டிருந்தார் அந்த அமெரிக்கக்கார அம்மாள். குத்து சரியாக மாப்பிள்ளையின் பட்டப்பெயர் மேலேயே விழுந்தது.

“டேக் இட் டவுன்! டேக் இட் டவுன்!”

தை மாதத்துச் சாயங்காலம். மரக்காணத்தில் கல்யாண மண்டபத்துக்குத் திரும்பும் முனை, எதிரே பிள்ளையார் கோயில். உப்பளத்துப் பக்கமிருந்து வந்த காற்று பேனரைப் புடைக்க வைத்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் மெஷினிலிருந்து இறங்கிய பேனர், மை வாடை கூடப் போகவில்லை. கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் நண்பர்கள் கையை அப்படியே நிறுத்திவிட்டு அம்மாளைப் பார்த்தார்கள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. என் பேனரை ஆடு தின்றிருக்கிறது. தேர்தல் நேரத்தில் பிளேடு போட்டிருக்கிறார்கள். ஒரு மாமியார், மருமகளின் முகத்தில் மட்டும் சாணி அடித்த கதையை இந்தத் தொடரிலேயே எழுதியிருக்கிறேன். குடையோடு ஒருவர் சண்டைக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

“யம்மா, கிழிச்சிடாதீங்க! பொண்ணு வீட்டு வேன் கெளம்பிடுச்சாம். இப்ப போய் வேற பேனரு எங்க அடிக்கிறது?” என்று தமிழிலேயே கத்தினேன். கோபம் வந்தால் எனக்கு இங்கிலீஷ் வராது.

பேனரில் அப்படி என்னதான் இருந்தது? நடுவில் மாப்பிள்ளை செல்வம், பக்கத்தில் பெண் கௌரி. மேலே வளைவாக, சிவப்பு எழுத்துக்கு மஞ்சள் பார்டர் கொடுத்து, ‘எங்கள் அன்பு ஷ்மக் செல்வம்’. அதையே ஆங்கில எழுத்தில் இன்னும் பெரிதாக. கீழே வாலிபால் டீமின் பத்துப் பன்னிரண்டு முகங்கள், எல்லாரும் கூலிங்கிளாசோடு. ‘வாழ்த்தும் நெஞ்சங்கள்: ஷ்மக் பாய்ஸ், மரக்காணம்’.

செல்வம் மண்டபத்து வாசலில் வாடகைக் கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டிருந்தான். காரணம் உண்டு. பெண்ணின் அப்பா கோதண்டபாணிக்கு இந்தக் கல்யாணத்தில் துளியும் இஷ்டமில்லை. கிளியனூரில் நஞ்சை நிலம் வைத்திருப்பவர். ‘உப்புத் தண்ணில நிக்கிறவனுக்கு எம் பொண்ணா?’ என்று மாதக்கணக்கில் முறுக்கிக்கொண்டு நின்றவர், கௌரி அசையாததால்தான் இறங்கி வந்தார். வேனைத் திருப்ப ஒரு சாக்கு கிடைத்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார் என்று இரண்டு வீட்டுக்கும் தெரியும்.

அந்தச் சாக்கை வாசலிலேயே கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன் என்று எனக்கு மட்டும் தெரியாது.

பட்டம் வாங்கலியோ, பட்டம்!

இந்த வாரம்தான் புதிதாக வருகிறவர்களுக்கு: நான் மரக்காணத்தில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருப்பவள். தேவிக்கா கடை என்றால் தெரியும். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் மெஷின் வழியாகத்தான் ரோட்டுக்கு வரும்.

எங்கள் பக்கத்தில் பேனர் இரண்டு வகை. ஒன்று, தனக்குத் தானே வைத்துக்கொள்வது. அதில் பட்டம் இல்லாமல் பெயர் வராது. கல்வித் தந்தை என்று போட்டுக்கொள்கிறவர், புரூஃபில் தன் பெயரையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். கொடை வள்ளல் கடைக்கு வந்தால் என் டீயைக் குடித்துவிட்டு என் பேனாவையும் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போவார். நானும் ஒன்றும் கேட்பதில்லை. சிங்கம் என்றால் சிங்கம், புலி என்றால் புலி. பின்னால் அந்த மிருகத்தின் படத்தையும் போட்டுக் கொடுத்துவிடுவேன்.

இன்னொன்று, கல்யாணத்தில் நண்பர்கள் வைப்பது. அங்கே புகழ்ச்சிக்கு இடமில்லை. பிறந்ததிலிருந்து ஊர் வைத்த பட்டப்பெயர் ஏறியே தீரவேண்டும். ‘பல்லி’ குமார், ‘ஓசி’ ரமேஷ், ‘கரண்ட்டு’ பாலு. பட்டப்பெயர் இல்லாத பேனரோடு ஒருவன் கல்யாணம் செய்துகொண்டால், பாவம், அவனுக்கு ஊரில் ஒரு நாதியும் இல்லை என்று பெண் வீட்டார் முடிவு கட்டிவிடுவார்கள்.

முந்தின நாள் மாப்பிள்ளையின் அம்மாக்கள் தனியாக வந்து கெஞ்சுவார்கள். “தேவி, அந்த ஓசிய மட்டும் எடுத்துடும்மா. சம்பந்தி வூட்ல பாப்பாங்க.” எடுக்கமாட்டேன். எடுத்தால் நண்பர்கள் வேறு கடைக்குப் போய், இதைவிட மோசமாக ஒன்றை அடித்துக்கொண்டு வருவார்கள்.

செல்வத்தின் அம்மா மட்டும் அப்படி வரவில்லை. “எம் புள்ளைக்கு இங்கிலீஷ்ல பட்டம் குடுத்திருக்காங்களாமே, நல்லா பெருசா போடும்மா” என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்.

உப்புப் பாத்தியில் விழுந்த வார்த்தை

பட்டம் கொடுத்தவர் டேனி. நியூயார்க்காரர், நாற்பது தாண்டியவர், இரும்பை கிராமத்துப் பக்கம் வாடகை வீடு. குத்தகைப் பாத்தியில் செல்வத்தை வேலைக்கு வைத்து, மேலாக மிதக்கும் மெல்லிய உப்பு ஏட்டை வழித்தெடுத்து, சீசாவில் அடைத்து, வெளிநாட்டுக்கு அனுப்புவது அவர் தொழில். எங்கள் ஊர் உப்பு மூட்டையில் போகும். அவர் கை பட்டால் சிட்டிகையில் போகும், அதற்கு ஒரு மரக்கரண்டி வேறு. கௌரி அவருடைய பேக்கிங் ஷெட்டில் வேலை பார்த்தவள். செல்வம் உப்பு கொண்டுவந்து இறக்குகிறவன். மீதிக் கதையை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

போன வருஷத்துப் பங்குனி வெயில். ‘வரப்பு வழுக்கும், செருப்பைக் கழட்டுங்க சார்’ என்று செல்வம் சொல்லச் சொல்ல, டேனி பளபளவென்ற தோல் ஷூவோடு நடந்தார். நடந்தார் என்பதுகூடத் தப்பு, இரண்டு அடி போனார். அடுத்தது போன், கண்ணாடி, தொப்பி சகிதமாகப் பாத்திக்குள் மல்லாக்க விழுந்தார். எழுந்து நின்றபோது காதுக்குள் எல்லாம் உப்பு. எல்லாரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்க, அவரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“ஐ ஆம் சச் எ ஷ்மக்!”

அந்த வார்த்தை மரக்காணத்தில் கால் வைத்தது அன்றுதான்.

கொஞ்ச நாளில் செல்வம் ஒரு காரியம் செய்தான். கௌரியோடு போனில் பேசிக்கொண்டே மடையை அடைக்க மறந்துவிட்டான். உப்பு பூத்து நின்ற பாத்தியெல்லாம் பச்சைத் தண்ணீர் ஏறி, அத்தனையும் கரைந்து போயிற்று. அன்றைக்கு அவன் தலை உருளும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். டேனி வந்தார், பார்த்தார். செல்வத்தின் தோளில் ஒரு தட்டு தட்டினார். “செல்வம், யூ ஷ்மக்!” சிரித்துவிட்டு, வரப்பில் உட்கார்ந்து அவனோடு டீ குடித்தார்.

எங்கள் ஊரில் முதலாளி திட்டினால் தோளில் தட்டமாட்டார். தோளில் தட்டினால் திட்டமாட்டார். இரண்டும் ஒன்றாக வந்ததை உப்பளத்து ஆட்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள்? விருது என்றுதான் எடுத்துக்கொண்டார்கள்.

ஒருவன் மட்டும் போய் அர்த்தம் கேட்டான். டேனிக்கு அப்போது தெரிந்த தமிழில் பதில் வந்தது: “நல்ல ஆளு. கொஞ்சம் லூசு.” அது போதாதா? மழைக்காலம் வருவதற்குள் “இன்னா ஷ்மக்கு, சாப்ட்டியா?” என்பது டீக்கடையில் சகஜமாகிவிட்டது. வாலிபால் டீம் தன் பெயரை மாற்றிக்கொண்டது. செல்வத்துக்கு மட்டும் அது நிரந்தரப் பட்டம். முதலாளி வாயால் முதலில் வாங்கியவன் அவன் அல்லவா?

அம்மா வாயில் சோப்பு

குடைக்கார அம்மாள் டேனியின் அம்மா. பெயர் ரூத், எழுபதைத் தாண்டியவர். நியூயார்க் குளிருக்குத் தப்பி மகனிடம் வந்திருந்தார். வந்த நாளிலிருந்து செல்வம்தான் அவரை வண்டியில் வைத்து ஊர் சுற்றிக் காட்டினான். ஆயா என்று கூப்பிடுவான், எங்கள் பக்கத்தில் பாட்டியை அப்படித்தான் சொல்வோம். அவருக்கு அவன் மேல் கொள்ளைப் பிரியம். கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை கட்டி, அது நழுவக்கூடாதென்று இடுப்பில் ஒரு தோல் பெல்ட்டையும் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

டேனி மூச்சிரைக்க ஓடிவந்தார். அம்மாவும் மகனும் நடுரோட்டில் பிடித்துக்கொண்டார்கள். டிடிபி அடித்தே நான் கற்ற இங்கிலீஷில் பாதி புரிந்தது, மீதியை டேனி காது சிவக்கச் சிவக்கச் சொன்னார். குடும்பப் பத்திரிகைக்குத் தக்கபடி எழுதுகிறேன்.

ரூத்தின் அப்பா அம்மா வீட்டில் பேசியது இத்திஷ். ஐரோப்பாவில் யூதர்கள் பேசிய மொழி, அவர்களோடு கப்பல் ஏறி அமெரிக்கா வந்தது. அந்த மொழியில் இந்த வார்த்தை, ஆண்பிள்ளையின் உறுப்பு ஒன்றின் பெயர். டாக்டர் சொல்கிற பெயர் அல்ல. சாராயக்கடைக் கழிப்பறைச் சுவரில் கரியால் எழுதுகிற பெயர்.

அதற்குத்தான் நான் மஞ்சள் பார்டர் கொடுத்திருக்கிறேன்!

சின்ன வயதில் ஒருநாள் தெருவில் கேட்டதை ரூத் சாப்பாட்டு மேஜையில் சொல்லிவிட்டாராம். அவருடைய அம்மா எழுந்து போய் துணி துவைக்கிற சோப்பை எடுத்து வந்து, வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கில் தேய்த்தாராம். அந்தக் கசப்பு இன்னும் இருக்கிறது என்று நாக்கை நீட்டிக் காட்டினார்.

“மாம், இப்ப அதுக்கு அந்த அர்த்தம் இல்ல. டிவில சொல்றாங்க. ஸ்கூல் டீச்சர் கூட சொல்லுவாங்க!” என்று டேனி எனக்கும் சேர்த்துத் தமிழில் ஒருதரம் சொன்னார்.

“உனக்கு இல்லை. எனக்கு இருக்கிறது” என்றார் ரூத்.

அர்த்தம் போன கதையையும் அவரே சொன்னார், ஏதோ களவு போன சாமானைப் பற்றிச் சொல்வதுபோல. பெரியவர்கள் வாயில் அது வராது. பிள்ளைகள் தெருவுக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த தெருப் பிள்ளைகளுக்கு அர்த்தம் தெரியாது, சத்தம் பிடித்துப்போயிற்று. மேடையில் காமெடிக்காரர்கள் சொன்னார்கள். தெரிந்தவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான், தெரியாதவன் அவனைப் பார்த்துச் சிரித்தான். இங்கிலீஷ்காரன் வாயில் போய்ச் சேர்ந்தபோது உறுப்பு காணாமல் போய் ஆள் வந்துவிட்டான். முதலில் அயோக்கியன், அப்புறம் முட்டாள், அப்புறம் எல்லாரிடமும் ஏமாறுகிற பாவப்பட்டவன். டேனி காலத்தில் தன்னையே செல்லமாகச் சொல்லிக்கொள்கிற அளவுக்கு வந்துவிட்டது. அங்கிருந்து ஒரே தாவு, மரக்காணத்தில் விருது.

கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கோட்டக்குப்பம் கனி பாய் ஞாபகம் வந்தார். கல்ஃபில் இருந்துவிட்டு வந்து, என் கடைக்கு ஃப்ளெக்ஸ் ரோல் சப்ளை செய்கிறவர். எந்தக் கிண்டலுக்கும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஒருநாள் கடையில் யாரோ விளையாட்டாக, “இன்னா பாய், இவ்ளோ லேட்டு? பேமானி!” என்றுவிட்டான். எல்லாரும் சிரித்தோம். பாய் டீ கிளாசைக் கீழே வைத்தார்.

“தம்பி, நாயின்னு சொல்லு, பேயின்னு சொல்லு, பரவால்ல. இத மட்டும் சொல்லாத. ஈமான், அல்லா மேல நம்பிக்கையே இல்லாதவன்னு அர்த்தம்பா அது. எங்க அத்தா காதுல விழுந்திருந்தா ஒன்னைய வெட்டியிருப்பாரு.”

நாங்கள் நாளெல்லாம் சுண்டல் மாதிரி மெல்லுகிற வார்த்தை. அவருக்கு அது கல். கம்மனாட்டி என்று ஆசையாகக் கூப்பிடுகிறோமே, அது ஒரு காலத்தில் தாலி இழந்தவளைச் சொன்ன வார்த்தை என்று எத்தனை பேருக்குத் தெரியும்? என் அத்தைக்குத் தெரியும். அதைக் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

ஆகவே ரூத்தம்மா மேல் இருந்த கோபம் பாதி இறங்கிவிட்டது. பேனரை இறக்கச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ரோட்டு முனையில் ஹாரன் கேட்டது.

வேனைத் திருப்பு

பெண் அழைப்பு வேன் பிள்ளையார் கோயில் முன்னால் வந்து நின்றது. வழக்கப்படி செல்வத்தின் அம்மா ஆரத்தித் தட்டோடு முன்னே வந்தார். கோதண்டபாணி இறங்கினார். எதிர்ப்பக்கம் அவரே சொல்லி வைத்த பேனர் இருந்தது: ‘கிளியனூர் சிங்கம், கொடை வள்ளல், கல்வித் தந்தை’. பிள்ளையாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதைத்தான் முதலில் தரிசித்தார். பிறகுதான் இந்தப் பக்கம் திரும்பினார்.

“இன்னா இது? அந்த வெள்ளக்காரம்மா ஏன் பேனரு முன்னாடி கத்தினு இருக்குது?”

அவருடைய தம்பி மகன், இன்ஜினியரிங் முடித்தவன், பேனரைப் படித்துவிட்டுத் துள்ளினான். “பெரியப்பா, அது கெட்ட வார்த்தை! இங்கிலீஷ் சீரியல்ல கேட்டிருக்கேன். முட்டாள்னு அர்த்தம்.”

கோதண்டபாணியின் முகத்தில் கோபம் வந்தது. அதற்கு முன்னால் ஒரு நொடி சந்தோஷம் வந்ததை நான் பார்த்தேன்.

“ஏம்மா, நீதான பேனரு அடிச்சவ? எம் மருமவன முட்டாள்னு நடுரோட்ல கட்டினா, என்னை இன்னான்னு சொல்லுவான் ஊருல? முட்டாளுக்குப் பொண்ணு குடுத்தவன்னு சொல்லமாட்டான்? டேய், வேனத் திருப்புடா!”

“யாரும் திருப்பக் கூடாது. திருப்பினா நான் எறங்கி நடந்தே மண்டபத்துக்குப் போயிடுவேன்” என்று ஜன்னல் வழியாகக் கௌரி குரல் வந்தது.

“எறங்கிப் பாரு. காலை ஒடைக்கிறேன்.”

செல்வம் ஓடிவந்தான். கோட்டு ஒரு பக்கம், டை ஒரு பக்கம். “மாமா, அது திட்டு இல்ல மாமா. தப்பு பண்ணிட்டு மறைக்காம, சிரிச்சுக்கினே ஒத்துக்கிறவனுக்குத்தான் அந்தப் பேரு. டேனி சாரு தன்னையே சொல்லிக்குவாரு.”

“நீ பேசாத. உப்பு மூட்டை தூக்குறவனுக்குப் பட்டப்பேரு ஒரு கேடு! ஒங்கம்மா ஒன்னை வளத்த லட்சணம்தான் பேனர்ல தொங்குது.”

செல்வத்தின் அம்மா கையிலிருந்த தட்டு ஆடியது. ஆரத்தித் தண்ணீர் புதுப் புடவையில் சிவப்பாகக் கொட்டியது. புருஷன் போன பிறகு, பாத்தியில் நின்று நின்று கால் வெடித்துப் பையனை வளர்த்தவர் அவர். எனக்கு அந்த ஆளைக் கன்னத்தில் அறையவேண்டும்போல் இருந்தது.

ரூத்தம்மாவுக்கு பாஷை புரியவில்லை, தட்டு ஆடியது புரிந்துவிட்டது. “அவன் என்ன சொன்னான்?” என்று மகனைக் கேட்டார். டேனி ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்.

“ஏய் கெழவி!” என்று கோதண்டபாணி அவர் பக்கம் திரும்பினார். “நீதான கத்தின? நீயே சொல்லு. அது திட்டா இல்லியா? டேய், கேளுடா இங்கிலீஷ்ல.”

எல்லாருடைய கண்ணும் அந்த அம்மாள் மேல். அவர் உண்மையைச் சொன்னால் கல்யாணம் அங்கேயே முடிந்தது. பொய் சொல்கிற ஆளாகவும் தெரியவில்லை. செல்வம் கைகூப்பி நின்றான். வாலிபால் டீம் கயிற்றைப் பிடித்தபடியே நின்றது.

ரூத்தம்மா குடையை என்னிடம் நீட்டினார், வாங்கிக்கொண்டேன். பெல்ட்டை ஒரு ஓட்டை இறுக்கினார். நேராகப் போய் கோதண்டபாணியின் எதிரே நின்றார். அவர் நெஞ்சு உயரம்தான் இருந்தார். நிமிர்ந்து பார்த்து, ஒரு விரலை அவர் சட்டைப் பொத்தானில் வைத்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

“யூ, சார், ஆர் எ ஷ்மக்.”

டேனி சொல்கிற ஷ்மக் அல்ல அது. டிவியில் வருவதும் அல்ல. கப்பலில் வந்தது, சோப்புக்குப் போகாதது. டேனி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

“இன்னாவாம்?” என்றார் கோதண்டபாணி.

கம்ப்யூட்டரில் கை வைத்த நாளிலிருந்து பட்டம் தயாரித்து விற்கிறவள் நான். இந்த நேரத்துக்கு உதவாத தொழில் எதற்கு?

“பெரிய மனுஷன்னு சொல்றாங்கய்யா. அவங்க அம்மா காலத்து வார்த்தையாம். ஆம்பளைன்னா நீங்கதான் ஆம்பளைன்னு சொல்றாங்க.”

யோசித்துப் பாருங்கள், முழுப் பொய் என்று சொல்லமுடியாது.

“பெரியப்பா, அது அப்படி இல்ல...” என்று இன்ஜினியர் ஆரம்பித்தான்.

“சும்மா இர்ரா! அவங்க பாஷைடா அது. அந்தம்மாக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சிடப் போவுது?” கோதண்டபாணி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். “அப்போ ஏன் கத்திச்சாம் அது?”

“சின்னப் பையனுக்குப் போய் இவ்ளோ பெரிய பட்டம் குடுத்துட்டீங்களேன்னுதான்யா சண்டை. வயசுல பெரியவங்களுக்கு இல்ல குடுக்கணும்னு.”

அவர் முகம் பூத்தது பாருங்கள்! செல்வத்தை ஏற இறங்கப் பார்த்தார். ‘பரவாயில்லை, பையனுக்கும் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும்’ என்கிற பார்வை. ரூத்தம்மாவைக் கும்பிட்டு “தேங்க்ஸும்மா” என்றார். அதோடு விட்டாரா? வீடியோக்காரரைக் கூப்பிட்டு நிறுத்தி, அம்மாளை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

ரூத்தம்மா சந்தோஷமாகச் சொன்னார். இரண்டாவது தடவை இன்னும் நன்றாக வந்தது.

பந்தியில்

அன்றைக்கு ராத்திரி விருந்தில் ரூத்தம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். இலை ஓரத்து உப்பை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். எதிரே டேனி இருந்ததால் பேச முடிந்தது.

“பேனரை இறக்கச் சொன்னீங்களே, அப்புறம் ஏன் விட்டுட்டீங்க?” என்று கேட்டேன்.

“அந்தப் பையன் சொன்னதை டேனி சொல்லிக் கேட்டேன். தப்பை ஒத்துக்கொண்டு சிரிக்கிறவன் என்று. அவனுக்கு அந்த அர்த்தமே இருக்கட்டும்” என்றார்.

பிறகு அப்பளத்தை உடைத்துக்கொண்டே, யாருக்கோ சொல்வதுபோல் சொன்னார். இந்த வார்த்தையைக் கேட்டால் முகம் சிவக்கிறவர்கள் அவர் குடியிருக்கும் கட்டிடத்தில் முன்பெல்லாம் மாடிக்கு மாடி இருந்தார்களாம். ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். இப்போது அவர் ஒருத்திதான். அவரும் போய்விட்டால் அது சுத்தமான வார்த்தை ஆகிவிடும். கெட்ட வார்த்தை என்று கோபப்படக்கூட யாரும் இருக்கமாட்டார்கள்.

ஒரு கெட்ட வார்த்தைக்காக நான் கண் கலங்கியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். டேனி தலை குனிந்து ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் அம்மா முன்னால் அவர் அந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டதில்லை.

இன்னும் பெரிய எழுத்தில்

கல்யாண பேனரை எங்கள் ஊரில் யாரும் வீணாக்குவதில்லை. மழைக்கு முன்னால் செல்வம் அதை உப்புக் குவியல் மேல் போர்த்திக் கட்டினான். ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களுக்கும் அந்தப் பட்டம் தெரியும்.

கிளியனூரிலிருந்து பஸ்ஸில் வந்த ஒருவர் கண்ணிலும் அது பட்டிருக்கிறது. போன மாதம் கோதண்டபாணி என் கடைப் படி ஏறினார். அறுபதாவது பிறந்தநாளாம். கூடவே கௌரியும் வந்திருந்தாள், வயிற்றில் பிள்ளையோடு.

“ஏம்மா, மருமவனுக்குப் போட்டத விட பெரிய எழுத்துல வரணும். சிங்கம், வள்ளல் எல்லாம் எடுத்துடு. அதெல்லாம் இப்ப கண்டவனும் போட்டுக்கிறான். அந்தம்மா எனக்குக் குடுத்தாங்களே, அத மட்டும் போடு. கிளியனூர்ல வேற எவன்கிட்டயும் கெடையாது.”

நான் கௌரியைப் பார்த்தேன். அவளுக்கு அர்த்தம் தெரியும். டேனி செல்வத்திடம் சொல்லி, செல்வம் அவளிடம் சொல்லி, எல்லாம் ஆயிற்று. மாமியார் புடவையில் கொட்டிய ஆரத்திக் கறை போகவே இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். உதட்டைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தாள்.

“அடிங்கக்கா. அப்பா ஆசப்படறாரு” என்றாள்.

அடித்தேன். பின்னால் சிங்கம் வேண்டாம் என்றதால், சூரிய உதயம். கிளியனூர் ரோட்டில், பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, ஒரு மாடி உயரத்துக்கு நின்றது. ‘ஷ்மக் கோதண்டபாணி’. அவர் முகத்தைவிட வார்த்தை பெரிது.

டேனி அதைப் படம் எடுத்து நியூயார்க்குக்கு அனுப்பினார். மறுநாள் காலை ரூத்தம்மாவின் குரல் வந்தது, டேனி என் கடைக்கே வந்து போட்டுக் காட்டினார். முதலில் வெறும் சிரிப்பு. சிரித்துச் சிரித்து இருமல் வந்து, தண்ணீர் குடித்து, மறுபடியும் சிரிப்பு. கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்:

“தேவியிடம் சொல்லு, இதைச் சரியாக அடித்திருக்கிறாள். இந்த ஆளைச் சொன்னதற்கு என் அம்மா சோப்பை எடுத்திருக்கமாட்டாள்.”